சவ்வின் மேல் எத்தனை மில்லிவோல்ட்? கொழுப்புப் படலங்களின் மேற்பரப்பு மின்னழுத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லைப்போசோம் (கொழுப்புப் படலத்தால் ஆன நுண்ணிய நீர்ப்பை) செய்வதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஆய்வகங்களில் சில வருடங்கள் கழித்தவன் நான். புதிதாகச் சேரும் எம்.எஸ்சி., பிஎச்.டி. பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் அதே பத்துப் பன்னிரண்டு கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். கால்குலேட்டர் தட்டத் தெரிந்தால் போதும்.

செல்லுக்கு மைனஸ் 70 மில்லிவோல்ட் என்று பிளஸ் டூவிலேயே படித்தாயிற்று. அதுதானே இது?

இல்லை. குழப்பம் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகிறது, அதனால் இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

அந்த 70 மில்லிவோல்ட், செல்லுக்கு உள்ளே இருக்கும் திரவத்துக்கும் வெளியே இருக்கும் திரவத்துக்கும் உள்ள வித்தியாசம். ஒரு எலெக்ட்ரோடை உள்ளே குத்தி, இன்னொன்றை வெளியே வைத்தால் மீட்டர் காட்டுவது அது. பொட்டாசியம், சோடியம் போன்ற அயனிகள் இரண்டு பக்கமும் வேறு வேறு அளவில் இருப்பதாலும், சில வழிகள் மட்டும் திறந்திருப்பதாலும் வருவது. சவ்வில் துளி மின்சுமை இல்லாவிட்டாலும் அது வரும்.

மேற்பரப்பு மின்னழுத்தம் வேறு சங்கதி. சவ்வின் ஒரே பக்கத்தில், அதன் தோலை ஒட்டிய இடத்துக்கும் அங்கிருந்து சில நானோமீட்டர் தள்ளியிருக்கும் திரவத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. சவ்வை ஆக்கியிருக்கும் கொழுப்பு மூலக்கூறுகளின் தலையில் மின்சுமை இருப்பதால் வருகிறது. உள்பக்கத்துக்கு ஒன்று, வெளிப்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு மேற்பரப்பு மின்னழுத்தங்கள் உண்டு. மூன்றாவதாக இருமுனை மின்னழுத்தம் என்று ஒன்று இருக்கிறது, அது சவ்வின் உடம்புக்குள்ளேயே ஒளிந்திருப்பது. அதைப் பற்றி அப்புறம்.

ஆக, "சவ்வின் வோல்டேஜ் என்ன?" என்று யாராவது கேட்டால், "எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள்.

மின்சுமை கொழுப்புக்கு எங்கிருந்து வருகிறது? கொழுப்பு என்றால் எண்ணெய்தானே?

வால்தான் எண்ணெய். தலையில் பாஸ்பேட் இருக்கிறது, அது எதிர்ச்சுமை. பாஸ்ஃபாட்டிடைல்கோலினில் அந்தப் பாஸ்பேட்டுக்குப் பக்கத்திலேயே கோலினின் நேர்ச்சுமை இருப்பதால் கூட்டினால் பூஜ்யம். பாஸ்ஃபாட்டிடைல்எத்தனாலமீனும் சாதாரண பிஎச்சில் அப்படித்தான். பாஸ்ஃபாட்டிடைல்செரினில் ஒரு கார்பாக்சில் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருப்பதால் நிகரமாக மைனஸ் 1. பாஸ்ஃபாட்டிடைல்கிளிசராலும் மைனஸ் 1. மைட்டோகாண்டிரியாவிலும் பாக்டீரியாவிலும் இருக்கும் கார்டியோலிப்பினில் இரண்டு பாஸ்பேட். பிஐபி2 என்று செல்லமாகக் கூப்பிடும் ஒன்று செல் சவ்வில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும், ஆனால் தலைக்கு மைனஸ் 3, 4 என்று தூக்கிக்கொண்டு நிற்கும்.

நம் செல்களின் வெளிச்சவ்வில் பாஸ்ஃபாட்டிடைல்செரின் கிட்டத்தட்ட முழுக்க உள்பக்க அடுக்கில்தான். தற்செயலாக வெளியே புரண்டுவிட்டதை ஃபிளிப்பேஸ் என்ற புரதம் செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து மறுபடி உள்ளே தள்ளுகிறது. காசு செலவழித்து மறைத்து வைக்கிறதென்றால் காரணம் இருக்க வேண்டுமே? ரத்தம் பற்றிய கேள்வியில் வருகிறது.

எதிர்ச்சுமை இருந்தால் கரைசலில் உள்ள சோடியம் அயனிகள் வந்து ஒட்டிச் சமமாகிவிடாதா?

வரும், ஆனால் போய் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடாது. ஆடித் தள்ளுபடி அன்று ஜவுளிக்கடை வாசலைப் பார்த்திருப்பீர்கள். கதவை ஒட்டி நெரிசல், பத்தடி தள்ளி கொஞ்சம் தளர்வு, தெருமுனையில் வழக்கமான நடமாட்டம். கதவு இழுக்கிறது, ஆனால் யாரும் ஓரிடத்தில் நிற்பதில்லை, வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். அயனிகளும் அப்படித்தான். சவ்வின் சுமை இழுக்கிறது, வெப்பம் கலைத்துவிடுகிறது. இந்த இழுபறியில் உருவாகும் மேகத்தைத்தான் மின் இரட்டை அடுக்கு என்கிறோம்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டில் இதைத் தட்டுக்கு எதிர்த் தட்டு வைத்த மாதிரி கற்பனை செய்தார். வெப்பத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள் பிரான்சில் கூய் (1910), இங்கிலாந்தில் சாப்மன் (1913). அயனிகளுக்கும் உடம்பு உண்டு, சில அயனிகள் நிஜமாகவே ஒட்டிக்கொள்கின்றன என்று ஸ்டெர்ன் 1924-ல் திருத்தினார். இன்றைக்கும் இந்த மூவர் பெயரைச் சொல்லித்தான் வண்டி ஓடுகிறது.

அந்த மேகம் எவ்வளவு தடிமன் என்பதைச் சொல்வது டிபை நீளம். சோடியம் குளோரைடு மாதிரி எளிய உப்புக்கு அறை வெப்பத்தில் 0.304-ஐ உப்பின் மோலார் செறிவின் வர்க்கமூலத்தால் வகுத்தால் நானோமீட்டரில் கிடைக்கும். 0.1 மோலாரில் கிட்டத்தட்ட 1 நானோமீட்டர். 1 மில்லிமோலாரில் 9.6 நானோமீட்டர். நம் உடம்புத் திரவத்தில் 0.8-க்குக் கொஞ்சம் குறைவு. அதாவது உடம்பில் ஒரு புரதம் சவ்வின் மின்சுமையை உணர வேண்டுமென்றால் ஒன்றிரண்டு நானோமீட்டர் வரை நெருங்கி வந்தாக வேண்டும், அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

சரி, ஒரு உதாரணம் போட்டுக் காட்டுங்கள். எத்தனை மில்லிவோல்ட் வரும்?

நூற்றுக்கு 20 மூலக்கூறு பாஸ்ஃபாட்டிடைல்செரின், மீதி 80 பாஸ்ஃபாட்டிடைல்கோலின் என்று ஒரு படலம் எடுத்துக்கொள்வோம். ஒரு கொழுப்பு மூலக்கூறு சவ்வின் மேல் பிடிக்கும் இடம் ஏறத்தாழ 0.7 சதுர நானோமீட்டர். ஆக 3.5 சதுர நானோமீட்டருக்கு ஒரு எதிர்ச்சுமை. அலகு மாற்றினால் சதுர மீட்டருக்கு 0.046 கூலும்.

இனி கிரஹேம் சமன்பாடு (1947). 25 டிகிரி செல்சியஸில் அது இப்படி வரும்: மின்சுமை அடர்த்தி = 0.117 × உப்புச் செறிவின் வர்க்கமூலம் × சைன்-ஹைபர்பாலிக் (மின்னழுத்தம் ÷ 51.4). கால்குலேட்டரில் 'ஹைப்' என்று ஒரு பொத்தான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து தூங்கிக்கொண்டிருக்கும், அதற்கு இப்போதுதான் வேலை. 0.1 மோலார் உப்பில் 0.046-ஐ 0.037-ஆல் வகுத்தால் 1.24. அதன் தலைகீழ் சைன்-ஹைபர்பாலிக் 1.04. அதை 51.4-ஆல் பெருக்கினால் 53. குறி எதிர்மறை, எனவே மைனஸ் 53 மில்லிவோல்ட்.

அதே படலத்தை 1 மில்லிமோலார் உப்பில் போட்டுப் பாருங்கள்: மைனஸ் 165. 150 மில்லிமோலாரில் மைனஸ் 46. சவ்வில் ஒரு மூலக்கூறுகூட மாறவில்லை, மாறியது உப்பு மட்டும். உப்புச் செறிவைச் சொல்லாமல் ஒருவர் மேற்பரப்பு மின்னழுத்தம் இவ்வளவு என்று எழுதினால், நான் அந்த எண்ணைத் தாண்டிப் போய்விடுவேன்.

வெறும் 53 மில்லிவோல்ட். இதனால் என்ன ஆகிவிடப்போகிறது?

வெப்பம் ஒரு மின்சுமைக்குக் கொடுக்கும் ஆற்றல் அறை வெப்பத்தில் 25.7 மில்லிவோல்ட்டுக்குச் சமம். எனவே 53 என்பது அதைப்போல் இரண்டு மடங்கு. போல்ட்ஸ்மன் விதிப்படி, சவ்வை ஒட்டிய இடத்தில் ஒற்றை நேர்ச்சுமை அயனி வெளியே இருப்பதைவிட 8 மடங்கு இருக்கும். இரட்டைச் சுமையுள்ள கால்சியம் 8-இன் வர்க்கம், 64 மடங்கு. குளோரைடு எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஹைட்ரஜன் அயனியும் நேர்ச்சுமைதான் என்பதால் அங்கே பிஎச் 0.9 குறைவு. உங்கள் பஃபர் (பிஎச்சை மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) குப்பியின் மேல் 7.4 என்று எழுதியிருக்கலாம், சவ்வின் தோலில் அது 6.5.

இதை மறந்துவிட்டு, சவ்வில் ஒட்டியிருக்கும் ஒரு நொதியின் உகந்த பிஎச் விசித்திரமாக நகர்ந்திருக்கிறது, புதுக் கண்டுபிடிப்பு என்று குதித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு வாரம் குதித்தேன், பொய் சொல்வானேன்.

நேர்ச்சுமை 5 உள்ள ஒரு பெப்டைடுக்கு இதே கணக்கைப் போட்டால் 32,000 மடங்கு என்று வரும். அவ்வளவு உண்மையில் வராது, ஏனென்றால் பெப்டைடு புள்ளி அல்ல, அதன் சுமைகள் சவ்விலிருந்து வேறு வேறு தூரத்தில் நிற்கும், அது வந்து உட்கார்ந்ததும் மின்னழுத்தமும் குறையும். ஆனாலும் ஆயிரக்கணக்கில் மடங்கு என்பது நிஜம். செல்லின் உள்பக்கச் சவ்வில் கே-ராஸ், மார்க்ஸ் போன்ற புரதங்கள் நேர்ச்சுமையுள்ள லைசின் அமினோ அமிலங்களின் வரிசையால் ஒட்டிக்கொள்வது இந்தக் கணக்கில்தான். மார்க்ஸ் விஷயத்தில் நிறையத் தோண்டிய ஸ்டோனி புரூக்கின் ஸ்டூவர்ட் மக்லாஃப்லின், இந்தத் துறையில் நுழைபவர் முதலில் தேடிப் படிக்க வேண்டிய பெயர்.

கால்சியத்தை மட்டும் ஏன் எல்லாரும் தனியாகப் பேசுகிறார்கள்?

இரண்டு வேலை செய்வதால். ஒன்று, இரட்டைச் சுமை என்பதால் மேகத்தில் நெருக்கமாகச் சேர்ந்து சவ்வின் சுமையை மறைப்பது. இன்னொன்று, கொழுப்பின் தலையிலேயே நேராக ஒட்டுவது. பாஸ்ஃபாட்டிடைல்செரினோடு அதன் பிணைப்பு மாறிலி ஒரு மோலாருக்குச் சுமார் 12 என்று மக்லாஃப்லின் குழு அளந்தது. 12 என்பது சொத்தையான பிணைப்பு. 1 மில்லிமோலார் கால்சியத்தில் நூற்றில் ஒரு தலையில்தான் ஒட்ட வேண்டும். ஆனால் சவ்வின் தோலில் 64 மடங்கு இருக்கிறதே! அங்கே அது 64 மில்லிமோலார். இப்போது 12-ஐயும் 0.064-ஐயும் பெருக்கினால் 0.77, அதாவது நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் ஒட்டத் தயார். ஒட்ட ஒட்ட மின்னழுத்தம் இறங்கும், இறங்க இறங்க 64 மடங்கும் குறையும், ஒரு கட்டத்தில் சமன்பட்டு நிற்கும். சொத்தைப் பிணைப்பை மின்னழுத்தம் தூக்கிவிடுகிறது என்பதுதான் இதில் ருசி.

கலங்கிய ஆற்றுத் தண்ணீரில் படிகாரத்தைச் சுற்றினால் தெளிகிறதே, அதுவும் இந்தக் குடும்பம்தான். களிமண் துகள்கள் எதிர்ச்சுமையால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. படிகாரத்திலிருந்து வரும் மூன்று சுமை அலுமினியம் அந்தச் சுமையைக் கொன்றுவிடுவதால் திரண்டு அடியில் உட்காருகின்றன. உப்புப் போட்டாலும் நடக்கும், ஆனால் மூட்டைக் கணக்கில் போட வேண்டும்.

கால்சியம் குறைந்தால் கை விரல்கள் இழுத்துக்கொள்வதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, இந்தப் பக்கத்திலேயே எனக்குப் பிடித்த கேள்வி இதுதான்.

தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிலருக்குப் பாராதைராய்டு சுரப்பி பாதிக்கப்பட்டு ரத்தத்தில் கால்சியம் இறங்கும். உதட்டைச் சுற்றி மரமரப்பு, விரல்களில் ஊசி குத்துவது மாதிரி, பிறகு கை தானாகக் கூம்பிக்கொள்ளும். கால்சியம் தசை சுருங்குவதற்குத் தேவையான பொருளாயிற்றே, அது குறைந்தால் தசை தளரத்தானே வேண்டும், ஏன் இழுக்கிறது?

நரம்புச் சவ்வின் வெளித்தோலில் மைனஸ் 20 மில்லிவோல்ட், உள்தோலில் மைனஸ் 50 என்று வைத்துக்கொள்வோம் (விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்). திரவத்துக்குத் திரவம் மைனஸ் 70. இப்போது சவ்வின் உடம்புக்குள் உட்கார்ந்திருக்கும் சோடியம் வாயிலின் (சோடியம் போக வரத் திறந்து மூடும் புரதம்) உணர்வி எதை உணரும்? அதன் ஒரு பக்கம் மைனஸ் 70-உம் மைனஸ் 50-உம் சேர்ந்து மைனஸ் 120. மறுபக்கம் மைனஸ் 20. வித்தியாசம் மைனஸ் 100. அடுத்து வெளியே கால்சியம் குறைகிறது. மறைப்பு விலகுவதால் வெளித்தோல் மைனஸ் 20-லிருந்து மைனஸ் 30-க்குப் போகிறது. இப்போது வித்தியாசம் மைனஸ் 90. எலெக்ட்ரோடைக் கேட்டால் இன்னமும் மைனஸ் 70 என்றுதான் சாதிக்கும், ஏனென்றால் அது நிற்பது திரவத்தில். வாயிலுக்கோ 10 மில்லிவோல்ட் தூண்டல் கிடைத்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தட்டினால் திறந்துவிடும். நரம்பு காரணமில்லாமல் சுட ஆரம்பிக்கிறது, தசை இழுக்கிறது.

ஃப்ராங்கன்ஹாய்சரும் ஹாட்ஜ்கினும் 1957-ல் கணவாய் இனத்தின் ராட்சத நரம்பிழையில் பார்த்தது இதுதான்: வெளிக் கால்சியத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தால் 10 முதல் 15 மில்லிவோல்ட் தூண்டியதற்கு ஒப்பான விளைவு. மேற்பரப்புச் சுமைதான் காரணமாக இருக்கலாம் என்று யோசனை சொன்னவர் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி. நரம்பில் கால்சியத்தை உணரும் தனிப் புரதங்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று பின்னாளில் தெரிய வந்தது, எனவே முழுப் பழியையும் மேற்பரப்பு மின்னழுத்தத்தின் மேல் போட வேண்டாம். பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்குபவர்களுக்கு விரல் கூம்புவதும் இதன் தொடர்ச்சிதான். கார்பன் டை ஆக்சைடு வெளியேறி ரத்தம் காரமாகிறது, ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் கூடுதல் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது, மிச்சம் இருக்கும் தனிக் கால்சியம் இறங்குகிறது.

ஜீட்டா பொட்டென்ஷியல் என்று கருவி காட்டுவதுதான் மேற்பரப்பு மின்னழுத்தமா?

பக்கத்து வீடு. அதே வீடு இல்லை.

கருவி மின்னழுத்தத்தை அளப்பதே கிடையாது. மின்புலம் கொடுத்து, லைப்போசோம் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று லேசரால் பார்க்கிறது. அந்த வேகத்திலிருந்து ஒரு சூத்திரம் மூலம் மில்லிவோல்ட்டாக மாற்றித் திரையில் காட்டுகிறது. துகள் நகரும்போது அதன் தோலை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலமும் கூடவே போகிறது. அந்தப் படலம் முடியும் இடத்தில் இருக்கும் மின்னழுத்தம்தான் ஜீட்டா. சாதாரணக் கொழுப்புப் படலத்துக்கு அந்த இடம் தோலிலிருந்து 0.2 நானோமீட்டர் தள்ளி என்று எடுத்துக்கொண்டால் கணக்கு நன்றாகப் பொருந்துகிறது. நம் மைனஸ் 53, அங்கே மைனஸ் 42 ஆகிவிடும். சோடியமும் கொஞ்சம் ஒட்டும் என்பதால் கருவி அதையும்விடக் குறைவாகக் காட்டும். பாலிஎத்திலீன் கிளைக்கால் பூசிய லைப்போசோம் என்றால் அந்த எல்லை இன்னும் வெகுதூரம் தள்ளிப்போய், தோலில் எவ்வளவு சுமை இருந்தாலும் ஜீட்டா பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும்.

ஒரு சம்பவம். எங்களோடு இருந்த ஒரு தம்பி ஒழுங்காகத்தான் செய்திருந்தான். குளோரோஃபார்மில் கரைத்த கொழுப்பை உருண்டைக் குடுவையில் ஊற்றி, ரோட்டாவில் (குடுவையைச் சுழற்றிக் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) சுழற்றி, சுவரில் கண்ணாடி மாதிரி படலம் பிடிக்க வைத்து, பஃபர் ஊற்றிக் குலுக்கி, 100 நானோமீட்டர் வடிகட்டி வழியாகப் பதினொரு தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளி (ஒற்றைப்படை எண், அப்போதுதான் கடைசியில் எதிர்ப்பக்க ஊசியில் சுத்தமாக வந்து நிற்கும்) எடுத்தான். முதல் நாள் வடிநீரில் நூறு மடங்கு நீர்த்து அளந்தான், மைனஸ் 60-ஐத் தாண்டியது. மறுநாள் நீர்க்காமல் பிபிஎஸ் என்ற உப்புக் கரைசல் பஃபரிலேயே அளந்தான், மைனஸ் 20-க்கு மேல் ஏறவில்லை. மாதிரி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி மூன்று தடவை புதிதாகச் செய்தான். மூன்று தடவையும் அதே கதை. அவன் கியூவெட்டை (மாதிரியை ஊற்றி அளக்கும் சின்னக் கிண்ணம்) வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். தங்க நிற எலெக்ட்ரோடு கறுத்துக் கிடந்தது, பக்கத்தில் குமிழிகள். உப்பு அதிகமான கரைசலில் மின்னோட்டம் தாறுமாறாக ஓடி எலெக்ட்ரோடு கருகியிருக்கிறது. கருகலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால்கூட அவனுடைய இரண்டு எண்களும் சரியானவைதான், உப்பு வேறு என்பதால் எண் வேறு. விலை உயர்ந்த பாஸ்ஃபாட்டிடைல்செரின் மூன்று குப்பி போனது போனதுதான்.

இருமுனை மின்னழுத்தம் என்று சொன்னீர்களே, அது?

சுமையே இல்லாத பாஸ்ஃபாட்டிடைல்கோலின் படலத்திலும் இருப்பது. சவ்வின் எண்ணெய் நடுப்பகுதி, வெளித் திரவத்தைவிட 200 முதல் 300 மில்லிவோல்ட் நேர்மறையாக இருக்கிறது. கொழுப்பின் எஸ்டர் பிணைப்பில் உள்ள கார்பனைல்களும், தலைகளுக்கு நடுவே ஒரே திசையில் திரும்பி நிற்கும் நீர் மூலக்கூறுகளும்தான் முக்கியக் காரணம்.

இதைக் காட்டிக்கொடுத்தது அழகான ஒரு சோதனை. டெட்ராஃபீனைல்போரேட், டெட்ராஃபீனைல்பாஸ்ஃபோனியம் என்று இரண்டு அயனிகள். உருவம், பருமன் எல்லாம் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள், ஒன்று எதிர்ச்சுமை, மற்றது நேர்ச்சுமை. எதிர்ச்சுமைக்காரர் சவ்வைத் தாண்டுவது லட்சம் மடங்குக்கும் மேல் சுலபமாக இருக்கிறது. உள்ளே நேர்மறை மேடு இருந்தால்தான் இப்படி நடக்கும். லிபர்மனும் டோபாலியும் 1969-ல் சொன்ன விளக்கம் இது. ஆப்பிள் மரத்திலிருந்து கிடைக்கும் ஃபுளோரெட்டின் இந்த மேட்டைத் தணிக்கும், கொலஸ்ட்ரால் உயர்த்தும்.

இந்த 250 மில்லிவோல்ட் ஒரு நானோமீட்டர் அளவுக்குள் ஏறிவிடுகிறது, அதாவது மீட்டருக்கு 25 கோடி வோல்ட். காற்றில் 30 லட்சத்துக்கே மின்னல் வெட்டும். ஜீட்டா கருவிக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது, மேடு முழுக்கத் தோலுக்கு உள்ளே இருப்பதால்.

ரத்தத்தில் இதற்கு ஏதாவது வேலை உண்டா?

நிறைய. சிவப்பணுவின் ஜீட்டா மைனஸ் 15 மில்லிவோல்ட் அளவில் இருக்கும். ஆனால் அது கொழுப்பின் சுமை இல்லை, மேலே முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைகளில் உள்ள சியாலிக் அமிலம். அணுக்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருப்பது அதனால்தான். வீக்கம், தொற்று என்றால் ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடும், அது அணுக்களுக்கு இடையே பாலம் போட்டு இந்தத் தள்ளலை மீறிச் சில்லறைக் காசு அடுக்கினாற்போல் அடுக்கிவிடும், அடுக்கு சீக்கிரம் அடியில் இறங்கும். லேப் ரிப்போர்ட்டில் இஎஸ்ஆர் என்று வருவது இந்த வேகம்.

இனி ஒளித்து வைத்த பாஸ்ஃபாட்டிடைல்செரின். காயம் பட்டதும் தட்டணுக்கள் அதை வெளியே புரட்டுகின்றன. திறந்துவிடும் புரதம் டிஎம்இஎம்16எஃப், 2010-ல் அடையாளம் கண்டார்கள். வெளியே வந்த எதிர்ச்சுமைத் தோலில், கால்சியத்தைப் பாலமாக வைத்து உறைதல் காரணிகள் வந்து உட்காருகின்றன. வைட்டமின் கே அந்தக் காரணிகளுக்குக் கொடுப்பது கால்சியத்தைப் பிடிக்கும் கூடுதல் கார்பாக்சிலைத்தான். கால்சியத்தைப் பறித்தால் உறையாது, நீல மூடிக் குழாயில் சிட்ரேட்டும் ஊதா மூடிக் குழாயில் ஈடிடிஏவும் இருப்பது அதற்கு. புரட்டும் புரதமே வேலை செய்யாத ஸ்காட் நோய்க்குறி உள்ளவர்களுக்கு, தட்டணு எண்ணிக்கை சரியாக இருந்தும் ரத்தம் சரியாக உறைவதில்லை. செல் சாகும்போதும் இதே கொழுப்பு வெளியே வரும், "என்னைத் தின்றுவிடு" என்று விழுங்கணுக்களுக்கு அது சமிக்ஞை.

பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகளுக்கும் இதற்கும்?

பாக்டீரியாவின் வெளித்தோல் எதிர்ச்சுமை, நம் செல்லின் கொழுப்பு வெளித்தோல் கிட்டத்தட்ட நடுநிலை. இந்த வித்தியாசத்தை வைத்துப் பிழைக்கும் பெப்டைடுகள் உண்டு. தவளைத் தோலிலிருந்து 1987-ல் ஸாஸ்லாஃப் பிரித்த மகைனின் ஒன்று. ஐசியூவில் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் இன்னொன்று; ஐந்து நேர்ச்சுமையோடு போய், பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் பாஸ்பேட்டுகளைக் கோத்துப் பிடித்திருக்கும் மெக்னீசியம், கால்சியத்தை நெட்டித் தள்ளிவிட்டு உள்ளே நுழைகிறது. பாக்டீரியாவும் சும்மா இருக்குமா? எம்சிஆர்-1 என்ற மரபணு அந்தப் பாஸ்பேட்டின் மேல் நேர்ச்சுமை ஏந்திய ஒரு பாஸ்ஃபோஎத்தனாலமீனை ஒட்டி எதிர்ச்சுமையைக் குறைத்துவிடுகிறது, கொலிஸ்டினுக்குப் பிடி கிடைப்பதில்லை. 2015-ல் சீனாவில் கண்டறிந்தார்கள், ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது. கோழி, பன்றிக்குத் தீவனத்தில் கொலிஸ்டினைக் கலந்து கொடுத்ததற்கு இதில் பங்கு உண்டு. கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் அதைப் பயன்படுத்த இந்தியாவில் 2019-ல் தடை வந்தது. சுமையைக் கொஞ்சம் மாற்றினால் போதும், மருந்து தோற்றுவிடும்.

எம்ஆர்என்ஏ தடுப்பூசிக் கொழுப்பும் இப்படித்தானா?

அதில் தந்திரம் வேறு. எம்ஆர்என்ஏ எதிர்ச்சுமை, அதைப் பிடிக்க நேர்ச்சுமைக் கொழுப்பு வேண்டும். ஆனால் எப்போதும் நேர்ச்சுமையாகவே இருக்கும் கொழுப்பு ரத்தத்தில் கண்டதோடெல்லாம் ஒட்டி நச்சாகும். அதனால் பிஎச் 7.4-ல் நடுநிலையாகவும், செல்லின் எண்டோசோமுக்குள் (வெளியிலிருந்து விழுங்கியதை வைத்திருக்கும் பை) அமிலம் கூடும்போது நேர்ச்சுமையாகவும் மாறும் கொழுப்பைப் பிடித்தார்கள். 2018-ல் அனுமதி பெற்ற பட்டிசிரான் (எம்ஆர்என்ஏ அல்ல, இதே வகைக் கொழுப்புத் துகளில் போகும் சிறு ஆர்என்ஏ மருந்து) மருந்தில் உள்ள எம்சி3 கொழுப்பின் பிகேஏ, அதாவது பாதி மூலக்கூறுகள் நேர்ச்சுமை பெறும் பிஎச், சுமார் 6.4. இந்த எண் துகளில் அளந்தது. அதே அமீனைத் தனியாகத் தண்ணீரில் அளந்தால் இதைவிட நன்றாக அதிகம் வரும். துகளின் தோலில் நேர்ச்சுமை கூடக் கூட ஹைட்ரஜன் அயனிகள் விரட்டப்படுவதும், பக்கத்தில் எண்ணெய் இருப்பதால் சுமையாக இருப்பதே கஷ்டமாவதும் காரணம். இந்தப் பிகேஏவை அளக்க டிஎன்எஸ் என்ற எதிர்ச்சுமைச் சாயத்தைப் போட்டு, அது எந்தப் பிஎச்சில் துகளில் ஒட்டி ஒளிர்கிறது என்று பார்ப்பார்கள். யோசித்துப் பாருங்கள், அது அப்பட்டமான மேற்பரப்பு மின்னழுத்த அளவீடு, பெயர்தான் வேறு.

கூய், சாப்மன் எல்லாம் நூறு வருடப் பழசு. கணினி உருவகம் ஓட்டினால் எல்லாம் தெரிந்துவிடாதா?

சுமைகளைத் தோல் முழுக்க மாவாகப் பூசின மாதிரி நினைத்துக்கொள்ளும் கோட்பாடு இவ்வளவு நன்றாக வேலை செய்வது எனக்கும் ஆச்சரியம்தான். சுமைக்குச் சுமை இடைவெளி சுமார் 1.9 நானோமீட்டர், டிபை நீளம் 1. இவை ஒன்றுக்கொன்று ரொம்பத் தள்ளி இல்லாததும், கொழுப்புகள் ஓயாமல் இடம் மாறிக்கொண்டிருப்பதும் காப்பாற்றுகிறது. பிஐபி2 மாதிரி ஒரே தலையில் நாலு சுமை என்றாலோ, கால்சியம் அதிகமானாலோ தடுமாறும். அணு அணுவாக ஓட்டும் உருவகத்தில் ஒட்டும் இடம், நீரின் திசை எல்லாம் தெரியும். ஆனால் இருமுனை மின்னழுத்தத்தைக் கேட்டால் 500-க்கும் மேலே சொல்லும், சோதனை சொல்வதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தமான பாஸ்ஃபாட்டிடைல்கோலின் லைப்போசோம்தான். ஆனால் கருவி மைனஸ் 8 காட்டுகிறது. என் அளவீடு தப்பா?

முதலில் உப்பைப் பாருங்கள். ரொம்பக் குறைந்த உப்பில் துளி அசுத்தம்கூடப் பெரிதாகத் தெரியும், கோலின் தலை சாயும் கோணமும் சின்ன எதிர்மறையைக் கொடுக்கும். 0.1 மோலார் சோடியம் குளோரைடில் அளந்தும் மைனஸ் 8 என்றால் கொழுப்பின் வயதைக் கேட்க வேண்டும். பழைய பாஸ்ஃபாட்டிடைல்கோலின் நீரில் சிதைந்து ஒரு வாலை இழக்கிறது, அந்த வால் கொழுப்பமிலமாகச் சவ்விலேயே தங்கி எதிர்ச்சுமை கொடுக்கிறது. நூற்றுக்கு மூன்று நாலு இருந்தாலே உங்கள் மைனஸ் 8 வந்துவிடும். ஒரு டிஎல்சி தகடு (கலவையைப் பிரித்துப் புள்ளிகளாகக் காட்டுவது) எடுத்து, குப்பியிலிருந்து ஒரு சொட்டு, புதிதாகத் திறந்த குப்பியிலிருந்து ஒரு சொட்டு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டி, அயோடின் புட்டியில் ஐந்து நிமிடம் வையுங்கள். பாஸ்ஃபாட்டிடைல்கோலின் புள்ளிக்குக் கீழே இன்னொரு மஞ்சள் புள்ளி தெரிந்தால் அந்தக் குப்பியை எடுத்துக் கழிவில் போட்டுவிட்டு, மைனஸ் 20 டிகிரி ஃபிரீசரை யார் இரவில் அணைக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.